ஸ்டோர் படத்துக்கு எந்த ஓசை?

(மூடப்பட்ட தோட்டத்து ரப்பர் ஸ்டோரின் நிழற்படங்களைக் காட்சியாக்க முன்வந்துள்ள இளைஞர்களிடையே, கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் சிறியது போலத் தோன்றும். நம் இளைஞர்கள் பழைய ஸ்டோரையும் புகைக் கூடத்தையும் இயந்திர அறையையும் நிழற்படம் எடுத்திருக்கிறார்கள். நல்ல படங்கள். அவற்றை ஆண்டுக் கூட்டத்தில் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப் போகிறார்கள். படம் ஓடும்போது பின்னணியில் என்ன ஓசை ஒலிக்க வேண்டும்? இதுதான் கேள்வி. "ஏதாவது ஒரு பாட்டைப் போட்டால் போயிற்று, இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். எண்ணி, பட்டேன். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் இதே ஸ்டோரின் படங்களை நான் கோயில் மண்டபத்தில் காட்டினேன். 60 படங்கள். ஒவ்வொன்றுக்கும் 7 நொடி. ஆக 7 நிமிடம். பின்னணிக்குச் சோகமான ஒரு சினிமாப் பாட்டைப் பிடித்துப் போட்டேன். பாட்டின் நீளமோ 4 நிமிடம். கிராணி வேலை பார்த்தவன் நான். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்தவன், இந்தச் சின்னக் கணக்கைப் பார்க்கவில்லை. 34ஆவது படம் முடிந்ததும் பாட்டு நின்றுவிட்டது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவசரமாக அதே பாட்டை மறுபடி ஓடவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது கிடக்கட்டும். பாட்டு ஓடியபோது பலர் கண் கலங்கியது உண்மை. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். நிகழ்ச்சி முடிந்த பிறகு, ஸ்டோரில் ரோலர் ஓட்டிய ஓர் அக்கா என்னிடம் வந்தார். "படம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா நான் வேலை செஞ்ச எடம் மாதிரி இல்லையே. அங்க பக்கத்துல நிக்கிற ஆளுகிட்டக் கூடக் கத்தித்தானே பேசுவோம்?" என்றார்.

தோழர்களே, அந்த ஒரு சொல் என்னை உலுக்கிவிட்டது. நான் காட்டியது அவருடைய ஸ்டோரை அல்ல, என் மனவருத்தத்தை. சுவர் அவருடையது, கண்ணீர் சினிமாக்காரருடையது! 19 ஆண்டுகள் அந்தச் சத்தத்துக்குள் நின்றவரின் உழைப்பு அதில் எங்கேயும் இல்லை.

ஓசை மாறினால் படமும் மாறும்

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். நம் இயந்திர அறையின் புகைபோக்கி. அடியில் புல் மண்டிய வாசல். இதற்கு நாதஸ்வரத்தைப் போடுங்கள். ஏதோ திருவிழாவுக்குப் போகும் வழி போலத் தெரியும். சாவு மேளத்தைப் போடுங்கள், புகைபோக்கி பிணமாகிவிடும். பள்ளிக்கூட அணிவகுப்பு வாத்தியத்தைப் போடுங்கள். "எப்பேர்ப்பட்ட கட்டடத்தை எங்கள் கம்பெனி எழுப்பியது பாரீர்" என்று முதலாளியின் விளம்பரமாகிவிடும். படம் ஒன்றே. அது சொல்லும் செய்தியோ மூன்று.

ஆகவே ஓசையைத் தேர்ந்தெடுப்பது அலங்கார வேலை அன்று. இந்தக் கட்டடம் யாருடையது என்பதற்குச் சாட்சி சொல்லும் வேலை. நம் ஸ்டோர் நாளையோ மறுநாளோ இடிபடப் போகிறது. கூரைத் தகரத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. அதன் பிறகு மிஞ்சப்போவது இந்தப் படங்களும், அவற்றோடு நாம் சேர்த்து வைக்கும் ஓசையுந்தான்.

பிறர் செய்தது என்ன?

தொழிற்சாலைக் கட்டடங்களை முறையாகப் படம் பிடித்தவர்களில் பெயர் பெற்றவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவன் மனைவி. 1959இல் இருவரும் சேர்ந்து பணியைத் தொடங்கினார்கள். நீர்த்தொட்டிக் கோபுரம், இரும்பு உருக்கும் உலை, நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் நிற்கும் தூக்குக் கோபுரம், இவையே அவர்களுக்குப் பொருள். மேகம் மூடிய நாளில், நிழல் விழாத வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில், நேருக்கு நேர் நின்று எடுப்பார்கள். ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை வரிசை வரிசையாக மாட்டுவார்கள். 1990இல் வெனிஸ் நகரின் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது. அதுவும் சிற்பத்துக்கான பரிசு! அவர்கள் படம் எடுத்த கட்டடங்களில் பல இன்று இல்லை.

அந்தப் படங்களில் ஆட்களைக் காண முடியாது. ஓசையும் கிடையாது. அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்த முறை அது. சுவரில் மாட்டிய படத்தை ஒருவர் நின்று, நகர்ந்து, திரும்பி வந்து பார்க்கிறார். அங்கே மௌனம் பொருந்தும். நம்முடைய காட்சி வேறு. இருட்டில் 200 பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்கப் போகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தச் சுவருக்குள் நின்று வியர்வை சிந்தியவர்கள். பெக்கர் தம்பதியிடம் கற்க வேண்டியதைப் படத்தில் கற்றுக்கொள்வோம்: நேராக நின்று, மெனக்கெட்டு, ஒன்றையும் விடாமல் எடுப்பது. ஓசைக்கு வேறிடம் போக வேண்டும்.

ஓசையில் மூன்று வழிகளை உலகம் கண்டிருக்கிறது.

முதல் வழி, ஆலையையே வாத்தியமாக்குவது. 1922 நவம்பர் 7ஆம் நாள், எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாக்கூ நகரில், ஆர்செனி அவ்ராமோவ் என்பவர் ஊரையே ஒரு கச்சேரி மேடையாக்கினார். ஆலைச் சங்குகள், காஸ்பியன் கடலில் நின்ற கப்பல்களின் ஊதல், ரயில் எஞ்சின்களின் விசில், பீரங்கி, இவற்றோடு பாடுவோர் கூட்டம். அவர் கொடிகளை அசைத்து அத்தனையையும் நடத்தினார். வேலைக்கு வா என்று விரட்டிய சங்கு, அன்றைக்கு ஒருநாள் தொழிலாளியின் விழாவுக்கு ஊதியது.

இரண்டாவது வழி, வாத்தியங்களைக் கொண்டு இயந்திரம் போல முழங்கச் செய்வது. மொசோலொவ் என்ற ரஷ்யர் 1926-27இல் இரும்பு வார்ப்பாலையைப் பற்றி ஓர் இசை அமைத்தார். வயலினும் எக்காளமும் பல்சக்கரங்களாகச் சுழலும். நடுவே ஓர் இரும்புத் தகட்டை உலுக்குவார்கள். கேட்டால் உடம்பு நடுங்கும். ஆனால் அதில் மனிதக் குரல் இல்லை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பிரிட்டனில் தபால் இலாகாவுக்குச் சொந்தமாகவே ஒரு படப்பிரிவு இருந்தது. அது 1935இல் நிலக்கரித் தொழிலாளரைப் பற்றி 'கோல் ஃபேஸ்' என்ற சிறிய படத்தை எடுத்தது. இசையமைத்தவர் பெஞ்சமின் பிரிட்டன். அப்போது அவருக்கு வயது 21. சுரங்கத்தின் இரைச்சல், மேளம், ஆண்களின் குரல், எத்தனை பேர் மாண்டார்கள், எத்தனை பேர் காயமுற்றார்கள் என்ற கணக்கு, எல்லாம் கலந்து வரும். வேலை முடிந்து தொழிலாளர் மேலே ஏறி வரும் இடத்தில், பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். மறு ஆண்டு, 1936இல், தபால் ரயிலைப் பற்றி 'நைட் மெயில்' என்ற படம் வந்தது. அதற்குப் பிரிட்டன் உப்புத்தாளைத் தேய்க்கும் ஓசையைக்கூட இசையோடு சேர்த்தார்.

கவனியுங்கள். பெரிய வாத்தியக் கூட்டத்துக்குக் காசு இல்லாதவர்கள் உப்புத்தாளை எடுத்தார்கள். நம்மிடமும் காசு இல்லை. ஆனால் நம்மிடம் தகரம் இருக்கிறது, வாளி இருக்கிறது, குரல் இருக்கிறது.

நம் ஸ்டோர் எப்படி ஒலித்தது?

இனி நம் ஸ்டோருக்கு வருவோம். படங்களை வேலை நடந்த வரிசையில் அடுக்குங்கள். ஓசையும் தானாக அந்த வரிசையில் வந்து நிற்கும்.

முதல் ஓசை பெரட்டு மணி. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இருட்டோடு இருட்டாக அடித்த சத்தம். அதற்குப் படமே வேண்டாம். திரை இருட்டாகவே இருக்கட்டும், 8 நொடி மணி மட்டும் அடிக்கட்டும். பால்மரம் வெட்டியவர் யாராக இருந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்!

அடுத்து பால் நிறுக்கும் இடம். காண்டாவிலிருந்து வாளி இறங்கும் சத்தம். பால் வடிகட்டியில் விழும் சத்தம். பாலின் கனம் பார்க்கும் மெட்ரோலாக்கைத் தூக்கிப் பார்த்து, கிராணி உரக்கக் கணக்குச் சொல்லும் குரல். தோழர்களே, நானும் அந்தக் கணக்கைக் கூவியவன். என் வாயிலிருந்து விழும் எண்ணுக்காக வரிசையில் நின்ற முகங்கள் காத்திருந்ததை நான் மறக்கவில்லை. அந்த எண்தான் அவர்கள் வீட்டு அரிசி. நாதஸ்வரமும் வயலினும் அதைச் சொல்லுமா? அந்தப் படத்துக்கு ஒரு குரல் எண்களை மட்டும் வாசிக்கட்டும். அது போதும்.

பிறகு தொட்டி. மருந்து சேர்த்த பால் உறைய வேண்டும். அங்கே அலுமினியத் தகடுகளைச் செருகும் சத்தம், அதன் பின் அமைதி. அப்புறம் ரோலர்கள். வழவழப்பான ரோலர்களில் தடவை தடவையாக நசுங்கி, கடைசியில் கோடு பதிக்கும் ரோலரில் சீட் வெளிவரும். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். காட்சி முழுவதிலும் சத்தம் உச்சத்துக்குப் போக வேண்டிய இடம் இதுதான். அக்கா சொன்னாரே, கத்தித்தான் பேசுவோம் என்று. அந்தக் கத்தலும் சிரிப்பும் இங்கே வேண்டும்.

அடுத்தது புகைக் கூடம். இங்கே என்ன செய்வீர்கள்? ரோலரின் இரைச்சலுக்குப் பிறகு சட்டென்று நிறுத்திவிடுங்கள். சீட் நாலு நாள் போலத் தொங்கும் இடம் அது. சூடு 40லிருந்து 60 பாகைக்குள் நிற்க வேண்டும். மிஞ்சினால் சீட்டில் கொப்புளம் விழும். அதற்காக ஓர் ஆள் இரவெல்லாம் கண்விழித்து விறகு தள்ளுவார். விறகு சரியும் சத்தம், இரும்புக் கதவின் தாழ்ப்பாள், அந்த ஆளின் இருமல். வேறு எதுவும் வேண்டாம். புகையின் வாடையை ஓசையால் கொண்டுவர முடியாது. அந்த இருமல் கொண்டுவரும்.

கடைசியில் தரம் பிரிக்கும் அறை. பெரிய சன்னல் வெளிச்சத்தில் சீட்டைத் தூக்கிப் பிடித்து, குமிழியும் தூசும் உள்ள இடத்தைப் பெண்கள் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். அந்தக் கத்தரிக்கோலின் 'கிளிக், கிளிக்'. பல பேர் வெட்டும்போது அதுவே ஒரு தாளம். இதற்கு மேலே வாத்தியம் எதற்கு?

மழை யாருக்கு இனிமை?

ஒரு தம்பி, "தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் அழகாக இருக்கும், காட்சி முழுவதும் போடலாமா?" என்று கேட்டார். ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தம் பாட்டியிடம் கேட்டுப் பார்க்கட்டும். விடியுமுன் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். அந்த நேரத்தில் தகரத்தில் மழை விழுந்தால் பட்டை நனையும், வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தாலோ மங்கில் இருக்கும் பால் தண்ணீரோடு போகும். நாள்கூலிக் காலத்தில் வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. பாயில் படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு, இந்த மாதம் இன்னொரு நாள் போயிற்று என்று விரல்விட்டு எண்ணிய தாய்மார்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மழையை விட்டுவிடச் சொல்லவில்லை. போடுங்கள். ஆனால் எங்கே போடுவது? நெரையில் யாருமில்லாத படத்துக்கும், காலியாகக் கிடக்கும் நிறுவைத் தராசுக்கும் போடுங்கள். அப்போது அது வெறும் அழகு ஓசையாக இராது. சம்பளப் புத்தகத்தின் வெற்றுக் கட்டமாக இருக்கும்.

கணக்கும் கவனமும்

இனி வேலைக்கான சில குறிப்புகள்.

ஒன்று. முதலில் படங்களைக் குறையுங்கள். 40 போதும். 32 படங்களுக்கு 8 நொடி வீதம் 256 நொடி. புகைக் கூடம் முதலிய 8 படங்களுக்கு 12 நொடி வீதம் 96 நொடி. ஆரம்பத்து இருட்டு மணிக்கு 8 நொடி. மொத்தம் 360 நொடி. சரியாக 6 நிமிடம். ஓசையை இந்த நீளத்துக்கு முதலிலேயே வெட்டி வைத்துவிட்டால் என்னைப் போல நடுவழியில் விழிக்க வேண்டியதில்லை.

இரண்டு. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் படத்தை மாற்றாதீர்கள். கண் களைத்துப் போகும். பெரியவர்களுக்குத் தலை சுற்றும். தாளம் ஓடட்டும், படம் நிதானமாக மாறட்டும்.

மூன்று. பழைய இயந்திரம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கம்பத்தில் சிறு தோட்டக்காரர்கள் சிலரிடம் கையால் சுற்றும் ரோலர் இன்னும் இருக்கிறது. கேட்டால் ஓட்டிக் காட்டுவார்கள். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். காற்று வாங்காமல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆனால் காட்சியின் முடிவில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இந்த ஓசை நம் ஸ்டோர் இயந்திரத்தின் ஓசை அல்ல, அதைப் போன்ற வேறொன்றின் ஓசை என்று. சாட்சி பொய் சொல்லக் கூடாது.

நான்கு. சினிமாப் பாட்டு வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் வாழும் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டும் அந்த இசைக்கு உரிமை உண்டு. இசைத்தட்டுக்கு வேறு உரிமை. பொதுவில் ஒலிக்க அனுமதி வேண்டும். தன் உழைப்புக்குக் கூலி கேட்பவன் இன்னொருவன் உழைப்பை இலவசமாக எடுப்பது முறையாகுமா?

ஐந்து. நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் வேலைப்பாட்டும் இருக்கின்றன. அவற்றைப் புதிதாகப் பாடச் சொல்லிப் பதியுங்கள். பாடியவரிடம் அனுமதி கேளுங்கள். கடைசியில் அவர் பெயரைத் திரையில் போடுங்கள். படம் எடுத்தவர் பெயர் வரும்போது பாடியவர் பெயர் ஏன் வரக் கூடாது?

ஆறு. மண்டபத்தில் ஒருநாள் முன்னதாகவே ஒலியைச் சோதியுங்கள். ஆள் இல்லாத மண்டபத்தில் ஓசை எதிரொலிக்கும். ஆள் நிறைந்தால் அமுங்கும். கடைசி வரிசையில் ஒரு வயதானவரை உட்கார வைத்து, எண்கள் காதில் விழுகின்றனவா என்று கேளுங்கள். அவர் தலையசைத்தால் சரி.

முடிவுரை

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவை அடுத்து, 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1982 வரை வேலை செய்தது. 4,500 டன் இரும்பு. நல்ல வேளையாக அதை உடைக்காமல் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அவற்றுக்கெல்லாம் காக்க ஆள் கிடைத்தார்கள். நம் ஸ்டோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் காக்க நம்மிடம் உள்ளது 40 படமும் 6 நிமிட ஓசையும்.

சென்ற வாரம் அந்த ரோலர் அக்காவைப் போய்ப் பார்த்தேன். உங்கள் குரலைப் பதியலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "பதிஞ்சுக்க தம்பி. ஆனா வெறும் அழுகையா போட்டுடாத. நாங்க அங்க சிரிச்சதும் உண்டு. மெஷினு சத்தத்துல யாருக்குங் கேக்காதுன்னு தண்டலைத் திட்டுனதும் உண்டு!"

அவர் சொன்னபடியே செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டோரில் வேலை செய்தவர்கள் அனைவரும் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். இளைஞர்கள் பதிவு செய்யக் காத்திருப்பார்கள். பாடத் தெரிந்தவர் பாடுங்கள். தெரியாதவர் பெரட்டில் உங்கள் பெயரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். பழைய வாளி, காண்டாக் கம்பு, கத்தரி எது இருந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள். தண்டவாள மணியை நான் கொண்டு வருகிறேன். அது இன்னும் என் வீட்டுப் பின்புறம்தான் கிடக்கிறது.